எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தடுப்பு ஆன்டிபயாட்டிக்: நன்மையையும் ஆபத்தையும் எடைபோடும் முறை

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் நிறைந்ததும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தினம் ஒரு வேளை கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காய்ச்சலும் இருக்காது, சளியும் இருக்காது, எச்.ஐ.வி. தொற்றியிருக்கிறதா என்பதும் உறுதியாகத் தெரிந்திருக்காது. "நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாசக்கணக்கில் மருந்து?" என்று தாயும் பாட்டியும் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. "டாக்டர் சொல்லிவிட்டார், கொடுங்கள்" என்பது அதற்குப் பதில் ஆகாது. சென்னையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கும், எச்.ஐ.வி. மருந்து தரும் கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோரும், அவர்களோடு பேச வேண்டிய செவிலியரும் ஆலோசகர்களும் அந்தக் கேள்வியை எப்படிப் படிப்படியாக யோசிக்கலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில், எந்த மருந்து எதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பிறந்த உடனே தொடங்கப்படும் நெவிரபின் அல்லது சிடோவுடின் சிரப் வேறு. ஆறாவது வாரத்தில் தொடங்கும் கோட்ரைமாக்சசோல் வேறு. முதலாவது, தாயிடமிருந்து எச்.ஐ.வி. குழந்தைக்குத் தொற்றாமல் தடுப்பதற்கானது. சாதாரணமாக ஆறு வாரம் கொடுப்பார்கள்; தாயின் வைரஸ் அளவு அதிகமாக இருந்து குழந்தை தாய்ப்பாலும் குடித்தால் இரண்டு மருந்துகளாகப் பன்னிரண்டு வாரம் வரை நீளும். கோட்ரைமாக்சசோலுக்கு எச்.ஐ.வி.யைத் தடுக்கும் சக்தி கிடையாது. ஒருவேளை எச்.ஐ.வி. ஏற்கனவே தொற்றியிருந்தால், அதனால் பலவீனப்பட்ட உடலில் வந்து தாக்கக்கூடிய பிற தொற்றுகளைத் தடுப்பதே அதன் வேலை. ஒன்று முடிகிற சமயத்தில் மற்றொன்று தொடங்குவதால், "அந்த ஆறு வார மருந்து முடிந்துவிட்டது" என்று எண்ணி இரண்டையும் நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. இரண்டு பாட்டில்களிலும் தொடங்கிய தேதியையும் நிறுத்த வேண்டிய தேதியையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டித் தரும்படி செவிலியரிடம் கேளுங்கள்.

ஆறு வாரத்திலேயே ஏன்?

நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைக் கிருமி உண்டாக்கும் நிமோனியாதான் முக்கியக் காரணம். எச்.ஐ.வி. தொற்றிய கைக்குழந்தைகளை இந்த நிமோனியா பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்குகிறது. தாக்கினால் மருத்துவமனையில் சேர்த்தும் பல குழந்தைகளைக் காப்பாற்ற முடிவதில்லை. பெரியவர்களுக்கு சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறைந்த பிறகுதான் இது வரும் என்று சொல்லலாம். கைக்குழந்தைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, சி.டி.4 நன்றாக இருக்கும்போதே வந்துவிடும். தாய்க்கும் குழந்தைக்கும் எந்த முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை என்பதுதான் இதில் கொடுமை. முதலில் மூச்சு வேகமாகிறது, பிறகு பால் குடிக்க முடியாமல் திணறுகிறது, உதடு நீலம் பாய்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் பெரிதாக எதுவும் கேட்காது. பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருப்பதே அப்போதுதான் தெரியவருகிற குடும்பங்களும் உண்டு.

இதைத் தவிர, பாக்டீரியாவால் வரும் நிமோனியா, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய், சிலவகை வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு எதிராகவும் இந்த மருந்து ஓரளவு காக்கிறது. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் மலேரியாவையும் குறைக்கிறது; சென்னையில் அந்தப் பலனைக் கணக்கில் பெரிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.

தெரியாத நாட்களுக்கான மருந்து

குழந்தைக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பிறந்த உடனே சொல்லிவிட முடிந்தால் இந்த விவாதமே எழாது. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்துக்கு வந்து, சில குழந்தைகளிடம் ஒன்றரை வயது வரைகூடத் தங்கியிருக்கும். ஆகவே பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரண எதிர்ப்பொருள் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், அது தாயைப் பற்றிச் சொல்கிறதா குழந்தையைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாது. வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனைதான் வேண்டும். ஆறு வாரக் குழந்தையின் குதிகாலை வெந்நீர்த் துணியால் கதகதப்பாக்கி, பக்கவாட்டில் சின்னதாகக் குத்தி, தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்கள் ஒவ்வொன்றும் நிரம்பும்படி இரத்தச் சொட்டுகளை விடுவார்கள். வெயில் படாமல் சில மணி நேரம் உலர்த்திய பிறகு அந்த அட்டை ஆய்வகத்துக்குப் போகும். வட்டம் சரியாக நிரம்பாவிட்டாலோ, ஈரத்தோடு உறையில் போட்டாலோ மாதிரி வீணாகி, குழந்தையை மறுபடி அழைத்து வரச் சொல்வார்கள். இந்தக் காத்திருப்பு நாட்களுக்கான காப்புத்தான் கோட்ரைமாக்சசோல். தாய்ப்பால் குடிக்கிற வரைக்கும் தொற்றுக்கு வாய்ப்பு இருப்பதால், அந்தக் காத்திருப்பு பால் நிறுத்தும் வரையும் அதற்குப் பிந்தைய பரிசோதனை வரையும் நீள்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் எடைபோடுவது எளிதாகிவிடும். உங்கள் குழந்தை விஷயத்தில் இன்றைக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு என்பதே கேள்வி. தெரியாதது அதிகமாக இருந்தால் மருந்தின் நன்மை அதிகம். பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நெகட்டிவ் என்று வரவர நன்மை குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் மருந்தின் தொல்லைகள் அப்படிக் குறைவதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி தாயைப் பற்றியது. கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரங்களுக்குள் எடுத்த வைரஸ் அளவு என்ன? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த பணியின் வழியாக. அந்தக் காலத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்க வழியே கிடையாது. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்று பெறும். தாய் மருந்தை முறையாகச் சாப்பிட்டுக் குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது நூற்றில் 5-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே, வைரஸ் அளவு (ஒரு மில்லி இரத்தத்தில் உள்ள எண்ணிக்கை) ஆயிரத்துக்குக் கீழே இருந்த, ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாத தாயின் குழந்தையையும், பிரசவ வலியோடு வந்தபோதுதான் தொற்று கண்டறியப்பட்ட தாயின் குழந்தையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இரண்டாவதாகச் சொன்ன தாயின் குழந்தைக்கு ஒரு நாள் மருந்து தவறுவதும் கவலைக்குரியது.

இரண்டாவது, குழந்தை என்ன பால் குடிக்கிறது? தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு ஆறாவது வாரப் பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால், அது அன்றைய நிலவரம் மட்டுமே. தாய்ப்பால் இல்லாமல் புட்டிப்பாலோ வேறு பாலோ மட்டும் குடித்து வளர்கிற குழந்தைக்கு அதே முடிவு இன்னும் அழுத்தமான செய்தி. இதை வைத்துக்கொண்டு, மருந்தைச் சீக்கிரம் நிறுத்துவதற்காகவே தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தாய் மருந்தை ஒழுங்காக எடுக்கும்போது முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது, புட்டிப்பாலினால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்தும் சத்துக்குறைவிலிருந்தும் குழந்தையைக் காக்கிறது. ஒரு சிரப்பைத் தவிர்ப்பதற்காக அந்தப் பலனை இழப்பது நஷ்டக் கணக்கு.

மூன்றாவது, பரிசோதனைகள் குறித்த நாளில் நடந்தனவா? ஆறு வாரம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம், பிறகு 18 மாதம் அல்லது பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து, எது பிந்தியதோ அது: இந்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். என் கருத்தில், இந்த விஷயத்தில் குழந்தைக்கு நடக்கிற உண்மையான அநீதி மருந்து கொடுப்பதோ கொடுக்காமல் இருப்பதோ அல்ல. பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, தேவைப்படாத குழந்தைக்கு மருந்தை நீட்டிப்பதும், தேவைப்படுகிற குழந்தைக்குச் சிகிச்சையைத் தாமதப்படுத்துவதும்தான். எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளில் சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்தால், ஒரு மாதத் தாமதம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

ஜாம்பியாவில் எச்.ஐ.வி. தொற்றிய, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், தினமும் கோட்ரைமாக்சசோல் எடுத்த குழந்தைகளிடையே இறப்பு 43 விழுக்காடு குறைந்தது. அந்தப் பகுதியில் பல கிருமிகள் ஏற்கனவே இந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தன. அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. தொற்று உள்ள குழந்தைக்கு இந்த மருந்து நன்மை செய்யும் என்பதில் ஐயமில்லை.

தொற்று இல்லாத குழந்தைக்கு? போட்ஸ்வானாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்து, தொற்றாமல் தப்பிய 2,848 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கோட்ரைமாக்சசோலும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவில் இரு தரப்பிலும் இறப்பு ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் தாய்ப்பால் குடித்த, பி.சி.ஆர். நெகட்டிவ் ஆன 1,220 குழந்தைகளிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்விலும், மருந்து கொடுக்காததால் குழந்தைகளுக்குக் கேடு கூடவில்லை. போட்ஸ்வானா ஆய்வின் ஒரு பகுதியில், மருந்து குடித்த குழந்தைகளின் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாக்களே கோட்ரைமாக்சசோலுக்கும் அமாக்சிசிலின் என்ற மற்றொரு ஆன்டிபயாட்டிக்குக்கும் அதிக எதிர்ப்புப் பெற்றிருந்ததும் தெரியவந்தது.

இவற்றைப் படித்துவிட்டு "அப்படியானால் நிறுத்திவிடலாம்" என்று முடிவுகட்டுவது அவசரம். அந்தக் குழந்தைகள் கட்டுப்பாடான ஆய்வுச் சூழலில், திரும்பத் திரும்பப் பரிசோதனை செய்யப்பட்டு, தொற்றில்லை என்று தெரிந்த நிலையில் கண்காணிக்கப்பட்டவர்கள். பரிசோதனைக்கு வராத குழந்தைக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. ஆனால் பரிசோதனைகள் அனைத்தும் நெகட்டிவ், பால் நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டன, தாயின் வைரஸ் அளவு கட்டுக்குள் இருக்கிறது என்ற நிலையில், "இன்னும் எதற்காகத் தொடர்கிறோம்? எந்த முடிவு வந்தால் நிறுத்துவோம்?" என்று மருத்துவரிடம் கேட்பதற்கு இந்த ஆய்வுகள் உங்களுக்கு முழு உரிமை தருகின்றன. கேளுங்கள். நிறுத்தும் முடிவை மட்டும் அவரோடு சேர்ந்து எடுங்கள்.

மருந்தின் ஆபத்துகள்

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதபோது முதலில் காட்டிக்கொடுப்பது தோல். சென்னைக் கோடையில் எந்தக் குழந்தைக்கும் வேர்க்குரு வரும். கழுத்து மடிப்பு, முதுகு, நெற்றி என்று வியர்க்கிற இடங்களில் ஊசிமுனைப் பருக்களாக இருக்கும், விசிறிக் குளிர்வித்தால் அடங்கும். மருந்தால் வரும் தடிப்பு வியர்வையைப் பார்த்து வருவதில்லை. மார்பிலும் வயிற்றிலும் சிவந்து படர்ந்து கைகால்களுக்குப் பரவும். வெறும் சிவப்போ இலேசான தடிப்போ என்றால் மருத்துவர் பார்த்துவிட்டுக் கண்காணிப்போடு தொடரச் சொல்லலாம். கொப்புளம், தோல் உரிதல், வாய்க்குள்ளோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், கூடவே காய்ச்சல் என்றால் அன்றே மருந்தை நிறுத்தி, நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; பிறகு அந்தக் குழந்தைக்கு வாழ்நாளில் சல்ஃபா மருந்து (கோட்ரைமாக்சசோல் அந்த வகையைச் சேர்ந்தது) கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக டாப்சோன் கொடுக்க முடியுமா என்று மருத்துவர் பார்ப்பார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குழந்தை உடம்பில் கொப்புளம் கண்டால் அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகி, மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். கோட்ரைமாக்சசோல் குடிக்கிற குழந்தைக்குக் கொப்புளமும் வாய்ப்புண்ணும் வந்தால், அம்மை என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள். வேப்பிலை கட்டுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். அதோடு அன்றைக்கே குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அம்மையாகவே இருந்தாலும் இந்தக் குழந்தைக்கு மருத்துவர் பார்க்க வேண்டியது கட்டாயம்.

இரத்தத்தைப் பொறுத்தவரை, இரத்தச்சோகையும் வெள்ளணுக்குறைவும் வரலாம். சிடோவுடினும் சேர்ந்து கொடுக்கப்படும் வாரங்களில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அதுவும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியது. குழந்தையின் உள்ளங்கையும் கீழ் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஜி6பிடி என்ற நொதிக்குறைவு குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், மருந்தைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். மஞ்சள் காமாலை இன்னும் இறங்காத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் தொடங்கும் நாளை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சல்ஃபா மருந்து, காமாலையில் கூடும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியை அது இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து விலக்கி மூளைக்குள் செல்ல விடக்கூடும். பிறந்த உடனே கொடுக்காமல் வாரக்கணக்கில் காத்திருப்பதற்கு அதுவே காரணம்.

கொடுக்கும் முறை

வழக்கமான குழந்தை சிரப்பில் 5 மில்லியில் சல்ஃபாமெத்தாக்சசோல் 200 மில்லிகிராமும் டிரைமெத்தோபிரிம் 40 மில்லிகிராமும் இருக்கும். 5 கிலோவுக்குக் கீழே 2.5 மில்லி, 5 முதல் 10 கிலோ வரை 5 மில்லி, நாளைக்கு ஒரு வேளை. எடை 5 கிலோவைத் தாண்டியதும் அளவு இரட்டிப்பாகிறது என்பதால், ஒவ்வொரு முறை வரும்போதும் எடை போடச் சொல்லி, அளவை மறுபடி எழுதி வாங்குங்கள். மூன்றாவது மாதத்தில் எழுதிக் கொடுத்த அளவையே எட்டாவது மாதத்திலும் கொடுத்துக்கொண்டிருந்தால், மருந்து கொடுக்கிறோம் என்ற நிம்மதி மட்டும்தான் மிஞ்சும். வேறு பாட்டில் மாறி வந்தால் லேபிளில் உள்ள அளவை மருந்தாளுநரிடம் சரிபாருங்கள்.

சங்கிலோ பாலாடையிலோ குத்துமதிப்பாக அளக்காதீர்கள். மையத்தில் ஊசியில்லாத சிரிஞ்சு கேட்டு வாங்கி, குழந்தையின் எடைக்குரிய அளவுக் கோட்டில் பேனாவால் ஒரு வளையம் வரைந்துகொண்டால், யார் கொடுத்தாலும் தவறு வராது. மருந்து பாட்டிலின் அடியில் படியும் தன்மையுள்ளது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் முதல் வாரம் நீர்த்த மருந்தும் கடைசி வாரம் கெட்டியான மருந்தும் குழந்தைக்குப் போகும். கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொடுத்த அரை மணி நேரத்துக்குள் முழுவதையும் கக்கிவிட்டால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாம். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டு மடங்காகக் கொடுக்கக் கூடாது. கத்திரி வெயில் காலத்தில் அடுப்பங்கரை அலமாரியிலும் ஜன்னல் விளிம்பிலும் பாட்டிலை வைக்க வேண்டாம்.

தடுப்பு மருந்து குடிக்கிற குழந்தைக்குச் சளி, இருமல் வந்தால் "மருந்துதான் போகிறதே" என்று காத்திருக்காதீர்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குள் 60, அதற்குப் பிறகு ஒரு வயது வரை 50, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உடனே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தச் சிரப் தினமும் போகிறது என்று சொல்வது அவசியம். சிகிச்சைக்கு வேறு ஆன்டிபயாட்டிக்தான் வேண்டியிருக்கும். ரகசியம் வெளியாகிவிடும் என்ற பயம் புரிகிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், அந்தத் தகவலைக் காக்கும் கடமையை மருத்துவமனையின் மீது சுமத்துகிறது, எச்.ஐ.வி.யைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் அது தடை செய்கிறது.

தொடர்வதும் நிறுத்துவதும்

பி.சி.ஆர். பாசிட்டிவ் என்றால் கோட்ரைமாக்சசோல் தொடரும். அதோடு, உறுதிசெய்யும் இரண்டாவது மாதிரியை எடுத்த கையோடு எச்.ஐ.வி. சிகிச்சையையும் தொடங்கிவிட வேண்டும், இரண்டாவது முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நெகட்டிவ் என்று வந்து குழந்தை இன்னும் தாய்ப்பால் குடித்தால், தொற்றில்லை என்பது உறுதியாகும் வரை மருந்து தொடரும். உறுதியான பிறகு ஒரு நாள்கூட அதிகம் தேவையில்லை. நிறுத்தியதைக் குழந்தையின் அட்டையில் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சென்னைக்குத் திரும்புகிற தாய்மாரிடம்தான் பரிசோதனைகள் அதிகம் தவறுகின்றன, ஏனென்றால் அந்த ஊர் மையம் இவர்கள் சென்னையில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறது, சென்னை மையம் இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறது. கிளம்பும் முன்பே எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஆலோசகரிடம் சொல்லி, மாற்றுக் கடிதமும் ஒரு மாதத்துக்கு மேலான மருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாவது வாரத்தில் எடுத்த மாதிரியின் முடிவு எந்த மையத்துக்கு வரும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மையத்தின் எண் கைவசம் இல்லாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் கேட்டு, அருகிலுள்ள மையத்தைத் தெரிந்துகொள்ளலாம்.